பன்னிரண்டு பலகைகளும் ஓர் அங்குலமும்

அத்தியாயம் 11

தம்பி தோள்பையை இறக்கி வைக்கும் முன்பே டெய்லரம்மா கேட்டுவிட்டாள்.

"நாலு மணிக்குள்ள முடிஞ்சிடும்ல?"

"வாடா, உட்காரு, டீ குடிக்கிறியா, இப்படி ஏதாவது ஆரம்பிச்சு அப்புறமா நாலு மணிக்கு வரலாம்லக்கா?"

"முடியுமா, முடியாதா?"

"முடியும். டீ குடுத்தா மூணரைக்கே முடியும்."

தம்பி தச்சு வேலை செய்கிறவன். ரம்பம் என்று கூப்பிட்டால்தான் திரும்பிப் பார்ப்பான். கையில் இருக்கும் சாமானைப் பார்த்து வைத்த பெயர் என்று பெருமையாகச் சொல்லிக்கொள்வான். பேச ஆரம்பித்தால் நிறுத்தமாட்டான் என்பதற்காக அக்கா புருஷன் வைத்த பெயர் அது என்பது அவனைத் தவிர எல்லோருக்கும் தெரியும்.

கூடவே வந்துகொண்டிருப்பவர்களுக்கு நடந்தது தெரியும். இந்த வாரம்தான் உள்ளே நுழைகிறவர்களுக்காக நாலு வரி.

டெய்லரம்மாவும் பஸ் ஓட்டி ஓய்வு பெற்ற அவள் கணவரும் முப்பத்து மூன்று வருடம் குடித்தனம் நடத்திய வீட்டை இப்போது இரண்டாக்கிக்கொண்டு இருக்கிறார்கள். முன் அறைகள், தையல் மெஷின், சமையலறை எல்லாம் அவளுக்கு. பின்னால் இருந்த சாமான் அறையும், பக்கத்துச் சந்தில் திறக்கும் அதன் கதவும் அவருக்கு. காரணம், அவருடைய தோள்பையின் அடியில் கிடந்த ஒரு சின்ன சாக்ஸ். ஒற்றை சாக்ஸ். அளவெடுத்தே பிழைக்கிறவள் கண்ணுக்கு அது எந்த வயதுக் கால் என்று தெரியாமல் போகுமா?

ஏழு வருடம் முன்பு சண்டை போட்டுக்கொண்டு போன ஒரே மகளை, அவர் மூன்று வருடமாக வெள்ளிக்கிழமைதோறும் போய்ப் பார்த்து வந்திருக்கிறார். மகளுக்கு மூன்று வயதில் ஒரு பெண் இருக்கிறாள். அவளை மடியில் வைத்துக் கொஞ்சிவிட்டு வந்து, "சங்கத்து ஆபீஸ்ல ஒரே கூட்டம்" என்று இவளிடம் சொல்லியிருக்கிறார்.

அதைக்கூட அவள் பொறுத்திருப்பாள். ஏன் என்னிடம் சொல்லவில்லை என்று கேட்டதற்கு அவர் சொன்ன பதிலைத்தான் பொறுக்க முடியவில்லை.

"அம்மாகிட்ட சொல்லக் கூடாதுன்னு அவதான் சொன்னா."

இனிமேல் இந்த வாசப்படி மிதிக்காதே என்று ஒரு காலத்தில் மகளிடம் சொன்னவள் இவள்தான். சொன்ன மறுநாளே நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது என்பதும் உண்மைதான். ஆனாலும் மகள் ஏழு வருடம் கழித்தும் அம்மாவுக்குத் தெரியவே கூடாது என்கிறாள் என்றால், அந்த வீட்டில் தன் பேச்சை எடுப்பதுகூட இல்லை போலிருக்கிறது என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அன்றைக்கே வீடு இரண்டாயிற்று.

இன்று ஞாயிற்றுக்கிழமை. சாயங்காலம் நாலு மணிக்கு மகளும் பேத்தியும் முதல் முறையாக வருகிறார்கள். அவர் பக்கத்துக்கு.

அதற்குள் தோட்டத்தின் நடுவில் வேலி எழும்பியாக வேண்டும். ஓர் ஈர்க்குச்சி நுழையும் சந்துகூட இருக்கக் கூடாது. அவர்கள் வருவதும் போவதும் என் கண்ணில் படவே கூடாது என்று சொல்லித்தான் தம்பியை வரவழைத்தாள்.

பெரும்பாதி வேலை முடிந்திருந்தது. தோட்டத்தின் கடைசி மதிலில் ஆரம்பித்து வீட்டை நோக்கி வந்துகொண்டிருந்தான் ரம்பம். ஆறடிக்கு ஒரு மரக்கால். காலுக்கும் காலுக்கும் நடுவே படுக்கைவசமாகப் பலகைகள், ஒன்றின் மேல் ஒன்றாகப் பன்னிரண்டு. இன்னும் இரண்டு கட்டம்தான் பாக்கி.

"நெட்டுக்குத்தா வெச்சிருந்தா சீக்கிரம் முடிஞ்சிருக்காது?" என்று முதல் நாளே கேட்டிருந்தாள்.

"முடிஞ்சிருக்கும். ஒரே வருஷத்துல பலகைக்குப் பலகை சந்து விட்டிருக்கும். படுக்கவெச்சா ஒண்ணு மேல ஒண்ணு பொருந்தி உட்காரும். நீதானே சந்தே கூடாதுன்ன?"

ஒவ்வொரு பலகைக்கும் ஒரு விளிம்பில் நீட்டல், மறு விளிம்பில் பள்ளம். கீழே இருப்பதன் நீட்டல் மேலே வருவதன் பள்ளத்துக்குள் போய் உட்காரும். நீட்டல்தான் வானத்தைப் பார்க்க வேண்டும். தலைகீழாகப் போட்டால் பள்ளத்தில் மழைத் தண்ணீர் நின்று மரம் செத்துவிடும். இதை ரம்பம் இந்த வாரத்தில் எட்டு முறை சொல்லிவிட்டான்.

பலகையை முடுக்கும் முன் இரண்டுக்கும் நடுவில் ஓர் அட்டைத் துண்டை வைத்து, முடுக்கியதும் உருவி எடுத்தான்.

"அது எதுக்கு?" என்றாள்.

"உள்ளுக்குள்ள ஒரு நூல் இடம் விடறேன். அங்குலத்துல எட்டுல ஒரு பங்கு. மழை பேஞ்சா மரம் ஊதும்க்கா. ஊதறதுக்கு இடமில்லன்னா வயித்தத் தள்ளிக்கிட்டு வேலியே வளைஞ்சு நிக்கும்."

"சந்து தெரியுமா?"

"தெரியாது. நீட்டல் மறைச்சிடும்."

"தெரியாதுன்னா விடு."

மண் பட்டால் மரம் கெட்டுவிடும் என்று தரைக்கும் முதல் பலகைக்கும் நடுவில் இரண்டு விரல் விட வேண்டும் என்றும் அவன் சொல்லிப் பார்த்தான். அந்தச் சந்தில் என்ன தெரியும் என்று கேட்டாள். என்ன தெரியும், செருப்புதான் தெரியும் என்றான். அவளுக்கு மூன்று வயதுச் செருப்பு ஒன்று கண் முன்னால் வந்து போயிற்று. செங்கல் வைத்து அடை என்று சொல்லிவிட்டாள்.

அந்தப் பக்கம் நின்று பலகையின் மறுமுனையைப் பிடித்துக்கொடுத்தவர் டிரைவர்.

சுவர்க் கடிகாரம் மாட்ட ஓர் ஆணி அடியுங்கள் என்று அவள் கேட்டு, அவர் நாளைக்கு நாளைக்கு என்று சொல்லி, கடைசியில் கடிகாரமே ஓடாமல் நின்று தூக்கிப் போட்ட வீடு இது. அப்பேர்ப்பட்ட மனிதர் வேலி வேலைக்கு மட்டும் நாலு நாளாக ஆறு மணிக்கே எழுந்து வந்து நின்றார். ஸ்க்ரூ எடுத்துக் கொடுத்தார். செங்கல் சுமந்தார்.

வேலி போடப் போகிறேன் என்று கோபத்தில் அவள் கத்தியபோது அவர் "சரி" என்றார். வேண்டாம் என்று ஒரு வார்த்தை சொல்வார் என்று காத்திருந்த அவளுக்கு அந்த "சரி" நெஞ்சிலேயே நின்றுவிட்டது. அதன் பிறகு வேலியை வேண்டாம் என்று சொல்ல அவளுக்கும் வழியில்லாமல் போயிற்று.

இருவரும் நேராகப் பேசிக்கொள்வதில்லை. நடுவில் ரம்பம் மாட்டிக்கொண்டு முழித்தான்.

"டேய், அந்தச் சைடுல நிக்கிறவர வெயில்ல தொப்பி போட்டுக்கச் சொல்லு. மயக்கம் போட்டு விழுந்தா தூக்க ஆளில்ல."

"மாமா, தொப்பி போட்டுக்கணுமாம்."

"பழக்கமில்லன்னு சொல்லு."

"அக்கா, பழக்கமில்லியாம்."

"எதுக்குத்தான் பழக்கம்? பொய் சொல்றதுக்கா?"

"மாமா, இத நான் சொல்ல மாட்டேன். காதுல விழுந்திருக்கும்."

 அந்தப் பக்கத்தில் அடுத்த பலகையின் முனை மெதுவாக உயர்ந்தது.

மத்தியானம் ரம்பம் இரண்டு முறை சாப்பிட்டான். முதலில் மாமா பக்கம், பிறகு அக்கா பக்கம். யார் மனமும் நோகக் கூடாதாம்.

"அவர் என்ன சாப்பிட்டாரு?" என்று கேட்டாள், குழாயடியைப் பார்த்துக்கொண்டே.

"நேத்து மிச்சம். ஒரே தட்டு வெச்சிருக்காருக்கா. எனக்கு அதுல போட்டுக் குடுத்துட்டு, நான் முடிக்கற வரைக்கும் காத்திருந்து, கழுவி அதுலயே அவரு சாப்பிட்டாரு."

 அவளுடைய அலமாரியில் பதினொரு தட்டு இருந்தது. தினமும் ஒன்றைத்தான் எடுத்தாள்.

"ஒண்ணு சொன்னாருக்கா. சொல்லட்டுமா?"

"வேண்டாம்னா நிறுத்திடுவியா?"

"'அந்த வீட்ல எல்லாமே உங்கக்காவோடதுடா. மெஷின் சத்தம், வர்ற ஆளுங்க, போன் எல்லாம் அவளுக்குத்தான். எனக்குன்னு இருந்தது வெள்ளிக்கிழமை மட்டும்தான்' அப்படின்னாரு."

டெய்லரம்மா சோற்றுத் தட்டைத் தள்ளி வைத்தாள். காலையிலிருந்து ராத்திரி வரை குனிந்த தலை நிமிராமல் தைத்தபோதெல்லாம், அவர் பக்கத்தில் தனியாக உட்கார்ந்திருந்ததாக எண்ணியிருப்பார் என்று அவள் நினைத்ததே இல்லை. வருத்தமாக இருந்தது. கோபமும் குறையவில்லை. நான் மட்டும் யாருடன் உட்கார்ந்திருந்தேனாம் என்று கேட்க நினைத்தாள். கேட்டால் தம்பி அதைச் சுமந்துகொண்டு போய் அங்கே கொட்டுவான். விட்டுவிட்டாள்.

மணி ஒன்றரை. கடைசிக் கட்டம்.

வீட்டு அஸ்திவாரத்தில் இடிக்கும் என்பதால் கடைசிக் கால், ஆறடி ஆகும் முன்பே, சுவரிலிருந்து ஒரு சாண் தள்ளி நின்றது. பலகைகள் அந்தக் காலைத் தாண்டிப் போய்ச் சுவரைத் தொட வேண்டும். ரம்பம் தன் இரும்பு டேப்பைப் பிடித்துப் பார்த்துக் குரல் கொடுத்தான்.

"அம்பத்தி நாலு."

"நான் குறி போடறேன். நீ வெட்டிக்கிட்டே வா. நேரம் போகுது."

வேலை என்று வந்துவிட்டால் அவளுக்குக் கை ஓடும். கழுத்தில் தொங்கிய துணி டேப்பை உருவிப் பலகையில் நீட்டி, நீல நிறத் தையல் சாக்கட்டியால் சரக்கென்று கோடு இழுத்தாள். துணியின் பின்பக்கம் எது என்று தெரிய ஒரு பெருக்கல் குறி போடுவது அவள் வழக்கம். பலகையிலும் போட்டாள். கோடு, பெருக்கல். கோடு, பெருக்கல். பன்னிரண்டு பலகையும் பத்து நிமிடத்தில் முடிந்தது. ரம்பம் மெஷினை வைத்து ஒரே மூச்சில் பன்னிரண்டையும் அறுத்துத் தள்ளினான்.

முதல் பலகையைச் செங்கல் மேல் உட்காரவைத்தபோது அவன் பேச்சு நின்றது. ரம்பத்தின் பேச்சு நின்றால் ஏதோ விபரீதம் என்று அர்த்தம்.

"அக்கா. இங்க வா."

பலகையின் முனைக்கும் வீட்டுச் சுவருக்கும் நடுவில் ஓர் அங்குல வெளிச்சம்.

"அம்பத்தி நாலுன்னுதானே சொன்னே?"

"அம்பத்தி நாலுதான் சொன்னேன். நீ அம்பத்தி மூணு போட்டிருக்க."

"நானா? முப்பது வருஷத்துல ஒரு சட்டை சின்னதாப் போயிருக்குமா என் கையில?"

"சண்டைக்கு வராத. டேப்பக் குடு."

இரண்டு டேப்பையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அவளுடைய டேப்பில் பித்தளை முனை இல்லை. நுனி பிரியாமல் நூலால் கட்டுப் போட்டிருந்தது. முதல் எண்ணே ஒன்றில்தான் ஆரம்பித்தது.

முதல் அங்குலம் இல்லவே இல்லை.

"இத வெச்சா இத்தனை வருஷம் தெச்சே?" ரம்பம் வாயைப் பிளந்தான்.

அதில் ஆச்சரியம் ஒன்றுமில்லை. ஆளை அளப்பதும் இந்த டேப்தான், துணியை வெட்டுவதும் இந்த டேப்தான். இரண்டிலும் அதே ஓர் அங்குலம் குறைந்ததால் சட்டை சரியாகவே வந்தது. இன்னொருத்தர் இரும்பு டேப்பில் அளந்து சொல்லி, இவள் தன் டேப்பில் குறித்தது இன்றைக்குத்தான் முதல் முறை.

அந்த முனையை வெட்டியது மகள். ஆறு வயதில், பொம்மை பெல்ட்டுக்குப் பக்கிள் வேண்டும் என்று பித்தளையோடு சேர்த்துக் கத்தரித்துவிட்டாள். இவள் கையை ஓங்கினாள். அதற்குள் அவள் பொம்மையைத் தூக்கிக் காட்டி, "பாரும்மா, இடுப்புல சரியா நிக்குது" என்றாள். சரியாகத்தான் நின்றது. அன்று புது டேப் வாங்கிக்கொள்ளலாம் என்று நினைத்தவள் அப்புறம் வாங்கவே இல்லை. வருடக்கணக்கில் கையில் புழங்கிப் புழங்கி, அது குட்டையான டேப் என்பதே மறந்துபோயிற்று.

இப்போது நினைவு வந்ததும் அவளுக்குக் கண் எரிந்தது. மரத்தூள் என்று சொல்லி முகத்தைத் துடைத்துக்கொண்டாள்.

"வேற பலகை?"

"நாளைக்குத்தான். இன்னிக்கு எந்த மரக்கடை திறந்திருக்கும்?" என்றவன் குரலை இறக்கினான். "ஒரு நாள்தானேக்கா? ஒரு அங்குலம்தானே? இருந்துட்டுப் போகட்டும். நீ பாக்கறேன்னு யாருக்கும் தெரியப் போறதில்ல. பாத்தா என்ன குறைஞ்சிடுவ?"

"அடைடா."

"உன் பேத்திதானேக்கா."

"என்கிட்ட சொல்லக் கூடாதுன்னு சொன்னவளோட பொண்ணு. திருட்டுத்தனமா சந்து வழியா பாத்துட்டுத்தான் நான் வாழணும்னு இல்ல. அடைன்னா அடை."

ரம்பம் பன்னிரண்டு பலகையையும் ஏற்றி முடுக்கினான். அடைக்க ஒரு நீளச் சட்டம் தேடி, பொருள்கள் கிடக்கும் மூலைக்குப் போனான்.

அவன் போன பிறகு டெய்லரம்மா அந்த இடத்தை விட்டு நகரவில்லை. நகர வேண்டும் என்றுதான் நினைத்தாள்.

அந்த ஓர் அங்குலச் சந்தில் டிரைவர் தெரிந்தார். குளித்துவிட்டுச் சட்டை மாற்றியிருந்தார். தோட்டத்தில் ஒரு சின்ன பிளாஸ்டிக் நாற்காலியைப் போட்டு ஈரத் துணியால் துடைத்தார். ஓர் அடி தள்ளி நின்று பார்த்தார். திரும்பப் போய் நாற்காலியை நிழலுக்கு நகர்த்தினார். அவர் அப்படி ஒரு வேலையில் கவனமாக இருந்து அவள் பார்த்ததே இல்லை. சட்டையில் மேலிருந்து மூன்றாவது பட்டன் இல்லை. இஸ்திரியும் அவரே போட்டது போல, காலர் ஒரு பக்கம் தூக்கிக்கொண்டு நின்றது.

பேத்தி முன்னால் இப்படியா நிற்பார் என்று அவள் கை பரபரத்தது. ஓர் ஊசி, ஒரு முழம் நூல், இரண்டு நிமிஷம் போதும். யாரிடம் கொடுத்தனுப்புவது?

"அக்கா, ஒரு சட்டமும் அந்த நீளத்துக்கு இல்ல," என்று பின்னால் வந்து நின்றான் ரம்பம்.

அவள் உள்ளே போனாள். துணி வெட்டும் மேஜையின் ஓரத்தில் பதித்திருந்த ஆறடிச் சட்டத்தை, தானே ஸ்க்ரூ டிரைவரால் கழற்றி எடுத்து வந்து கொடுத்தாள்.

"இனிமே மேஜையில துணி நழுவுமே."

"நழுவட்டும்."

ஆறு ஸ்க்ரூ. சந்து மறைந்தது. ரம்பம் வேலி முழுவதும் கையைத் தடவிப் பார்த்தான். நல்ல வேலை. அவன் முகத்தில் மட்டும் சந்தோஷமில்லை.

"இருடா, அவங்க வந்துட்டுப் போற வரைக்கும்," என்றாள்.

"உன் தம்பி பொண்டாட்டி நாலு போன் பண்ணிட்டா. ஞாயித்துக்கிழமையும் வீடு தங்கலன்னு." பையைத் தோளில் மாட்டினான். "உன் பொண்ண நீயா ஒரு தடவை கூப்பிட்டுப் பாரேன்க்கா."

அவன் போனதும் வீடு எப்போதும் போல ஆயிற்று. இத்தனை நாள் அறுக்கிற சத்தமும் அவன் பேச்சுமாக ஓடிவிட்டது. இனிமேல் சத்தம் போட யாருமில்லை என்று அவளுக்குப் பட்டது.

நாலு மணிக்கு ஐந்து நிமிடம் இருக்கும்போது தையல் மெஷினில் உட்கார்ந்தாள். யாரோ கொடுத்த ஜன்னல் திரை. நேர்த் தையல், கண்ணை மூடிக்கொண்டு தைக்கலாம். மோட்டாரை முழு வேகத்தில் விட்டாள். பக்கத்துச் சந்தில் ஒரு வண்டி வந்து நின்றது. இன்னும் வேகமாக விட்டாள்.

திரையின் பாதியில் கீழ் நூல் தீர்ந்துபோயிற்று. மெஷினை நிறுத்தினாள்.

அந்த அமைதியில், வீட்டின் பின்னாலிருந்து ஒரு குழந்தை சிரித்தது.

கொடியில் துணி காய்கிறது, எடுக்க வேண்டும் என்று அவள் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தோட்டத்துக்கு வந்தாள். கொடியில் ஒரே ஒரு துண்டு கிடந்தது. அதை எடுத்து மடித்தாள். பிரித்து மறுபடி மடித்தாள்.

"தாத்தா, இது என்ன?"

"வேலிம்மா."

"எதுக்கு?"

"சும்மா."

பிறகு அந்தக் குரல் வந்தது. ஏழு வருடம் கழித்து. கொஞ்சம் கனத்திருந்தது, கொஞ்சம் களைத்திருந்தது. டெய்லரம்மா துண்டை நெஞ்சோடு சேர்த்துப் பிடித்துக்கொண்டாள்.

"நாங்க வர்றோம்னுதானேப்பா இது?"

"அப்படியெல்லாம் இல்லம்மா."

"ஒரு ஓட்டை கூட விடலியே." மகளின் காலடி வேலிப் பக்கம் வந்தது. "இது அம்மா போட்ட குறி. பெருக்கல். துணியோட பின்பக்கத்துல இப்படித்தான் போடுவாங்க. அவங்களே அளந்து, அவங்களே குறி போட்டிருக்காங்க."

டிரைவர் ஏதோ முனகினார். காதில் விழவில்லை.

"எனக்குப் புரியலப்பா. நான் பேசினது தப்புதான், கல்யாணத்துக்கு முன்னாடி. அதுக்கு ஏழு வருஷமா? நானும் வெள்ளிக்கிழமை தவறாம கேக்கறேன், அம்மாவக் கூட்டிட்டு வாங்க, அம்மாவக் கூட்டிட்டு வாங்கன்னு. நீங்களும் ஒவ்வொரு தடவையும் இன்னும் கோவம் தீரலன்னு சொல்றீங்க. இவ பொறந்த அன்னிக்கு ஆஸ்பத்திரியில, யார் கதவத் திறந்தாலும் அம்மாவான்னு பாத்தேன்."

 டெய்லரம்மா துணி துவைக்கும் கல்லைப் பிடித்துக்கொண்டாள்.

முதலில் அவளுக்குக் கோபம் வரவில்லை. மகள் கேட்டிருக்கிறாள் என்பது மட்டும்தான் உள்ளே ஓடியது. கேட்டிருக்கிறாள். வாரா வாரம் கேட்டிருக்கிறாள். கதவைப் பார்த்திருக்கிறாள். ஓவென்று அழ வேண்டும் போல, அத்தனை சந்தோஷமாக இருந்தது.

அதன் பிறகுதான் மற்றது புரிந்தது. சொல்லக் கூடாது என்று மகள் சொல்லவே இல்லை. ஒவ்வொரு வெள்ளிக்கிழமையும் இவள் இஸ்திரி போட்டுக் கொடுத்த சட்டையில், இவள் நிரப்பிக் கொடுத்த தண்ணீர் பாட்டிலோடு போய், அங்கே அம்மாவுக்கு மனசில்லை என்று சொல்லியிருக்கிறார். திரும்பி வந்து இங்கே ஒன்றுமே சொல்லாமல், கேட்டபோது மகளுக்கு மனசில்லை என்று சொல்லியிருக்கிறார். தனக்கென்று ஒன்று வேண்டுமாம். அதற்கு என் பெண்ணையா எடுத்துக்கொள்வது?

"அந்த போட்டோவாவது வாங்கிப் பாத்தாங்களா?" மகளின் குரல் இறங்கியது. "மொத பொறந்தநாளுக்கு எடுத்தது. உங்ககிட்ட குடுத்தனுப்பினேனே."

 டெய்லரம்மா வேலிப் பக்கம் ஓர் அடி வைத்தாள். சொல்லிவிடுங்கள், இப்போதாவது உண்மையைச் சொல்லிவிடுங்கள் என்று மனசுக்குள் கெஞ்சினாள். சொன்னால் எல்லாவற்றையும் மன்னித்துவிடலாம் என்றுகூடத் தோன்றியது.

டிரைவர் தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"உங்கம்மா சுபாவம் உனக்குத் தெரியாதா? மேஜை மேல வெச்சேன். திருப்பிக் கவுத்துட்டு எழுந்து போயிட்டா."

 மகள் மூக்கை உறிஞ்சும் சத்தம் வந்தது. சின்ன வயதிலும் அழுகையை இப்படித்தான் அடக்குவாள்.

டெய்லரம்மா வேலியின் அருகே போனாள். பலகையில் உள்ளங்கையால் ஓங்கி அடித்தாள். அடித்த சத்தம் வேலி நெடுகப் போய் மதிலில் நின்றது.

"எந்த போட்டோங்க?"



"அம்மா?" என்றாள் மகள். குரல் வேலிக்கு மிக அருகில் இருந்தது.

அம்மா என்று அழைத்ததற்குப் பதில் சொல்ல டெய்லரம்மாவுக்குத் தவிப்பாக இருந்தது. பல்லைக் கடித்துக்கொண்டாள். இந்த ஒரு கேள்விக்கு அவர் வாயால், மகள் காது கேட்க, பதில் வந்தாக வேண்டும்.

"உங்களத்தான் கேக்கறேன். என்னிக்குக் காமிச்சீங்க? எந்த மேஜையில வெச்சீங்க?"

"அப்பா?" என்றாள் மகள், வேறு குரலில்.

 மறுபடி கையை ஓங்கிய டெய்லரம்மா, அடிக்காமல் காத்திருந்தாள். கடைசியில் அந்தப் பக்கத்திலிருந்து வந்தது, அவள் இதுவரை முகம் பார்த்திராத அந்தக் குழந்தையின் குரல்தான்.

"தாத்தா, உங்களத்தான் கேக்கறாங்க. சொல்லுங்க."